1943 மார்ச் மாத டி-34: தேய்ந்த வெள்ளைப் பூச்சை 1/35 அளவில் காட்டுவது எப்படி?

பசும்பூச்சு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தமியா நிறுவனத்தின் 1/35 அளவு டி-34/76 சோவியத் டாங்கி மாதிரிக் கிட்டை, அறுகோண டரட் (பீரங்கி பொருந்திய சுழல் மேற்கூடு) கொண்ட 1943 வகையை, கட்டி முடித்து அடிவண்ணமும் அடித்துவிட்டேன். மூன்றாம் கார்கோவ் சண்டையில் ஜெர்மானியர் அந்த நகரை மீண்டும் கைப்பற்றிய 1943 மார்ச் நடுப்பகுதியை மனத்தில் வைத்து இதைச் செய்கிறேன். பனியில் மறைந்திருக்கக் குளிர்காலத் தொடக்கத்தில் அடித்த வெள்ளை பல மாத ஓட்டத்தில் தேய்ந்து, அடியிலுள்ள பச்சை ஆங்காங்கே வெளித்தெரிய வேண்டும். பனி உருகத் தொடங்கிவிட்டதால் கீழ்ப்பகுதி முழுவதும் சேறாக இருக்க வேண்டும்.

சோவியத் டாங்கிகளின் அடிப்படை நிறமான 4பிஓ பச்சைக்காக, தமியாவின் எக்ஸ்எஃப்-58 (ஆலிவ் பச்சை) வண்ணத்தில் சிறிது எக்ஸ்எஃப்-4 (மஞ்சட்பச்சை) கலந்து ஏர்பிரஷ்ஷால் அடித்தேன். அதன்மேல் அரைப்பளபளப்பு வார்னிஷ் பூசிக் காயவைத்திருக்கிறேன். அடுத்து ஹேர்ஸ்பிரே முறையை (அடியில் ஹேர்ஸ்பிரே அடித்து, மேலுள்ள வண்ணத்தை நீர் தொட்டு உரித்தெடுப்பதை) பின்பற்றலாம் என்று, பயன்படாத பழைய கூடு ஒன்றில் சோதித்துப் பார்த்தேன். டப்பாவிலிருந்து நேராக ஹேர்ஸ்பிரேயை அடித்து, உலர்ந்ததும், லாக்கர் தின்னரில் கரைத்த எக்ஸ்எஃப்-2 வெள்ளையைப் பூசி, மறுநாள் நீர் தொட்டுத் தேய்த்தேன். வெள்ளை முதலில் அசையவே இல்லை. அழுத்தித் தேய்த்தபோது கூர்மையான விளிம்புள்ள பெரிய பட்டைகளாக உரிந்து வந்தது. கதவில் அடித்த எனாமல் பெயிண்ட் உரிவதைப் போலத் தெரிகிறதே தவிர, போர்க்கால நிழற்படங்களில் காணும் மங்கிய, தூளான தோற்றம் வரவில்லை.

இதை எப்படித் திருத்துவது என்பது முதல் கேள்வி. வெள்ளை எந்தெந்த இடங்களில் அதிகமாகவும் எந்த இடங்களில் குறைவாகவும் தேய்ந்திருக்கும் என்பது இரண்டாவது. கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்தில் எல்லாம் தேய்த்துவிட எனக்கு மனமில்லை. ஒவ்வொரு தேய்வுக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உருக்குத்தடம்

நண்பருக்கு வணக்கம். வெள்ளை அசையாமல் போனதற்கு லாக்கர் தின்னரும் ஒரு நாள் காத்திருந்ததுமே காரணம். தமியா அக்ரிலிக்கை லாக்கர் தின்னரில் கரைத்தால் பூச்சு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குணம் அடிவண்ணத்துக்கு நல்லது. தேய்த்து எடுக்க வேண்டிய வெள்ளைக்கு ஆகாது. வெள்ளையை வெறும் நீரிலோ அந்த அக்ரிலிக்குக்கு உரிய தின்னரிலோ நன்றாக நீர்க்கக் கரைத்து, பச்சை மெல்லியதாக ஊடே தெரியும் அளவுக்கு மட்டும் அடியுங்கள். தொட்டால் ஒட்டாத அளவு உலர்ந்ததும், அதே அமர்வில் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். சிறிய பகுதியை வெதுவெதுப்பான நீரால் நனைத்து, நீர் ஊடுருவச் சற்றே அவகாசம் கொடுத்து, மயிர் குட்டையாக வெட்டப்பட்ட பழைய தூரிகையால் அழுத்தமின்றித் தட்டினால் வெள்ளை சிறு சிறு புள்ளிகளாக விடுபடும்.

பட்டைகள் பெரிதாக வந்ததற்கு ஹேர்ஸ்பிரே தடிமனாக விழுந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். டப்பாவிலிருந்து சிறு கிண்ணத்தில் எடுத்து, அதில் கலந்துள்ள வாயு வெளியேறும்வரை விட்டுவைத்து, பிறகு ஏர்பிரஷ்ஷால் மெல்லிய படலமாக அடித்தால் அளவு உங்கள் கைக்குள் இருக்கும். அளவைப் பற்றிப் பேசும்போது ஒரு கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மாதிரியில் 1 மி.மீ. அகலமுள்ள உரிவு, உண்மையான டாங்கியில் 3.5 செ.மீ. அகலமாகும். (தமியா 1960களின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியை, மின்மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்கும்படி வடிவமைத்தபோது அமைந்த அளவுதான் இந்த 1/35. நம் கண்ணும் கையும் இன்றுவரை அதற்கே பழகியிருக்கின்றன.) உங்கள் சோதனைக் கூட்டில் உரிந்த பட்டைகளை 35 மடங்காகப் பெருக்கிப் பார்த்தால், அவை ஏன் பொய்யாகத் தெரிந்தன என்பது விளங்கும்.

இரண்டாவது கேள்வியே எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. அந்த வெள்ளை பெரும்பாலும் களத்தில், கிடைத்த தூரிகையாலும் துடைப்பத்தாலும், சாக்பீஸ் தூளையோ சுண்ணாம்பையோ நீரில் கலந்து அடிக்கப்பட்டது. வசந்தத்தில் கழுவி எடுத்துவிட வேண்டிய தற்காலிகப் பூச்சு என்பதால், பொங்கலுக்கு நம் வீட்டுச் சுவரில் வெள்ளையடித்தால் சாய்ந்தவர் சட்டையில் ஒட்டிக்கொள்வதைப் போலவே, உராய்ந்த இடத்திலெல்லாம் அதுவும் போய்விடும். ஆகவே அந்த டாங்கியை யார் தொட்டார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே தூரிகையை வையுங்கள்.

டி-34 வண்டியில் ஓட்டுநர் முன்புறச் சரிவுத் தகட்டிலுள்ள கதவு வழியாகவே வழக்கமாக உள்ளே இறங்குவார். அந்தக் கதவைச் சுற்றியும், அவர் காலூன்றும் மூக்குப் பகுதியிலும் வெள்ளை ஏறத்தாழ மிஞ்சியிருக்கக் கூடாது. அறுகோண டரட்டின் மேலுள்ள இரண்டு வட்டக் கதவுகளின் விளிம்புகளும், ஏறும்போது முழங்காலும் காலணியும் உரசும் பக்கத் தகடுகளும் அடுத்து வருகின்றன. எல்லாவற்றையும்விட அதிகமாகத் தேய்வது பின்தளம். காலாட்படையை ஏற்றிச் செல்லக் கவச ஊர்திகள் போதாத சோவியத் படையில், வீரர்கள் டாங்கியின் மேலேயே அமர்ந்து போர்முனைக்குச் சென்றனர். அவர்களுக்காகவே கைப்பிடிக் கம்பிகள் பற்றவைக்கப்பட்டன. எனவே என்ஜின் மூடியின் மேற்பரப்பு, கைப்பிடிகள், முதுகு சாயும் டரட்டின் பின்பக்கம் ஆகியவற்றில் பச்சையே மேலோங்கித் தெரியட்டும்.

இனித் தூரிகை எட்டாத இடங்களையும் பாருங்கள். கைப்பிடிக்குப் பின்னால், கூடுதல் எரிபொருள் கலன்களின் அடியில், சக்கரங்களுக்கு உட்புறம் ஆகிய இடங்களில் வெள்ளை தொடக்கத்திலிருந்தே இருந்திராது. டரட்டில் எண் எழுதப்பட்டிருந்தால், அதை மறைக்காமல் சுற்றிலும் வெள்ளையடித்து, நடுவில் பச்சைச் செவ்வகத்தை அப்படியே விட்டிருப்பதையும் காணலாம். அப்படி ஒரு செவ்வகத்தை உங்கள் மாதிரியில் சேர்த்தால், அந்தப் பூச்சை மனிதர்கள் அவசரத்தில் அடித்தார்கள் என்பது பார்ப்பவருக்குச் சொல்லாமலே புரியும்.

தூரிகையாளர்

மேலே சொல்லப்பட்ட காரணங்கள் அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் மார்ச் மாதத் தோற்றத்துக்கு ஹேர்ஸ்பிரே முறை மட்டும் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த முறையில் ஓரிடத்தில் வெள்ளை இருக்கும் அல்லது இருக்காது. சுண்ணாம்புப் பூச்சோ மழையில் கரைந்து, மெலிந்து, பச்சையோடு கலந்து மங்கும். அந்த இடைநிலைகளைக் காட்ட எண்ணெய் வண்ணத்துக்கு நிகரில்லை என்பது என் உறுதியான கருத்து.

கதவு விளிம்புகள், கைப்பிடிகள் போன்ற உராய்வு இடங்களை ஹேர்ஸ்பிரேயால் முடித்துவிட்டு, முழுவதற்கும் மங்கல் வார்னிஷ் அடித்து மூடுங்கள். மூடாமல் விட்டால், பின்னர் நீர் சார்ந்த எந்த வேலையைச் செய்தாலும் அடியிலுள்ள ஹேர்ஸ்பிரே மீண்டும் இளகிவிடும். அதன்பின் டைட்டானியம் வெள்ளையில் மிகச் சிறிதளவு பழுப்பு சேர்த்து, ஓர் அட்டைத் துண்டின்மேல் வைத்துவிடுங்கள். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் வண்ணம் பளபளப்பின்றி உலரும். பக்கத் தகடுகளிலும் டரட்டிலும் சிறு சிறு பொட்டுகளாக வைத்து, வெள்ளைச் சாராவியில், அதாவது மணமற்ற ஒயிட் ஸ்பிரிட்டில், நனைத்துத் துணியில் துடைத்தெடுத்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுங்கள். மழைநீர் எந்தச் சரிவில் ஓடுமோ அந்தச் சரிவில்தான் கோடுகள் இறங்க வேண்டும். டரட்டின் செங்குத்தான முகத்திலும் உடலின் சாய்ந்த தகட்டிலும் அவை ஒரே மாதிரி இருக்க முடியாது. பிடிக்காவிட்டால் துடைத்து எடுத்துவிடலாம் என்பது இந்த முறையின் பெரும் வசதி. வெள்ளை எண்ணெய் வண்ணம் மெதுவாகவே காயும், கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இன்னும் தாமதமாகும் என்பதால், அவசரப்படாமல் மூடிய பெட்டிக்குள் வைத்திருங்கள்.

துருவைப் பற்றியும் ஒரு சொல். வெள்ளை தேய்ந்தால் அடியில் தெரிய வேண்டியது பச்சையே. துருவோ வெற்று உருக்கோ அல்ல. கதவு விளிம்பு, மட்காப்புத் தகட்டின் முனை போன்ற ஒரு சில இடங்களில் மட்டும் உலோகம் தெரியலாம். தடித்த கவசத் தகடு முழுவதும் செம்மண் நிறத் துரு வழியும் மாதிரிகளைப் பல காட்சிகளில் பார்க்கிறோம். சில மாதங்களே ஓடிய போர்க்கால வண்டிக்கு அது பொருந்துவதில்லை.

பசும்பூச்சு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இரண்டு முறைகளையும் சேர்த்தே செய்யப்போகிறேன். இன்னொரு ஐயம் இருக்கிறது. என்னிடம் ரப்பர் விளிம்புச் சக்கரங்களும், வேறொரு கிட்டில் மீந்த, வெளியே ரப்பர் இல்லாத உருக்குச் சக்கரங்களும் இருக்கின்றன. எதைப் பயன்படுத்துவது? கிட்டில் வரும் ஒரே துண்டான வளையும் சங்கிலித் தடத்தை உண்மையாகத் தோன்றச் செய்ய முடியுமா?

மேசைவிளக்கு

ஐயா, இரண்டையுமே பயன்படுத்தலாம். 1942இல் ரப்பர் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, அதிர்வைத் தாங்கும் ரப்பரைச் சக்கரத்தின் உள்ளே மட்டும் வைத்து, விளிம்பை வெறும் உருக்காக விட்ட சக்கரங்கள் வழக்கத்துக்கு வந்தன. அவை ஓடும்போது இரைச்சலும் அதிர்வும் மிகுந்ததால், முதல் சக்கரத்தையும் ஐந்தாம் சக்கரத்தையும் ரப்பர் விளிம்புள்ளதாகவும், இடையில் உள்ள மூன்றை உருக்காகவும் பொருத்திய வண்டிகள் இருந்தன. உங்களிடம் இரு வகையும் இருப்பதால் அந்தக் கலப்பையே நான் பரிந்துரைப்பேன்.

உருக்கு விளிம்பு உருளும் பாதையில், தடத்தின் உட்பக்கத்தில் இரண்டு பட்டைகள் தேய்ந்து மின்னும்; சக்கர விளிம்பும் அப்படியே மின்னும். மென்மையான 6பி பென்சிலின் கரியைப் பொடியாக்கி விரலால் தேய்த்தால் அந்த மினுக்கம் வரும். வெள்ளி வண்ணம் அடித்தால் பொம்மையாகத் தெரியும். தடம் மாங்கனீசு உருக்கில் வார்க்கப்பட்டது. அதற்கு அடர்பழுப்பே பொருத்தமான நிறம், ஆரஞ்சுத் துரு அன்று.

டி-34 வண்டியில் தடத்தின் மேல்பகுதியைத் தாங்கத் தனி உருளைகள் கிடையாது. தடம் தன் எடையாலேயே தொய்ந்து, பெரிய சக்கரங்களின் தலையில் படிந்து கிடக்கும். இந்தத் தொய்வு வராவிட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் வண்டிக்கு எடை இருப்பதாகவே தோன்றாது. வளையும் தடத்தைப் பொருத்தியபின், மேல்பகுதியை ஒவ்வொரு சக்கரத்தின் தலையிலும் அழுத்தி, சூப்பர் குளூ ஒரு சொட்டு இட்டு, பிடிக்கும்வரை பஞ்சுத் துண்டைச் செருகி வையுங்கள். மட்காப்புத் தகடு அந்த ஒட்டை மறைத்துவிடும்.

சேற்றின் நிறத்திலும் கவனம் தேவை. கார்கோவ் பகுதி உக்ரைனின் கரிசல் பூமி. கடையில் 'ஐரோப்பிய மண்' என்ற பெயரில் விற்கும் மஞ்சள் கலந்த பொடியை அப்படியே தூவினால் இடம் மாறிவிடும். கரும்பழுப்போடு சிறிது கறுப்பைச் சேர்த்து அடிப்படை நிறத்தை அமையுங்கள். முதலில் காய்ந்த மண்ணுக்காக அதையே சாம்பல் கலந்து வெளிறச் செய்து, கீழ்க்கூட்டிலும் சக்கரங்களிலும் மெல்லியதாகப் படியவிடுங்கள். பிறகு பிக்மென்ட் எனும் நிறப்பொடியோடு பிளாஸ்டர் தூளையும் அக்ரிலிக் பசையையும் குழைத்து, சக்கரங்களுக்கு இடையிலும் மட்காப்பின் அடியிலும் அப்புங்கள். பிளாஸ்டர் உலரும்போது வெளுக்கும் என்பதால், குழைவை வேண்டிய நிறத்தைவிடச் சற்று அடர்த்தியாகவே கலக்கவும். வெள்ளை பழையது, சேறு புதியது. ஆகவே தெறித்த சேறு வெள்ளையின்மேலும் தேய்ந்த பச்சையின்மேலும் ஒன்றுபோலவே விழுந்திருக்க வேண்டும்.

பொடியை நிலைநிறுத்த ஒயிட் ஸ்பிரிட்டைத் தூரிகை நுனியால் தொட்டால் போதும், தானே பரவிக்கொள்ளும். ஆனால் வண்ணம் படாத பிளாஸ்டிக் உள்ள கீழ்க்கூட்டின் மூலைகளில், குறிப்பாக அச்சுகள் இறுக்கமாகப் பொருந்தும் இடங்களில், அது தேங்கி நின்றால் பிளாஸ்டிக் விரிசல் விடும். அந்த இடங்களில் பிரைமர் பட்டிருக்கிறதா என்று முன்னரே பாருங்கள். பொடியைக் கையாளும்போதும் ஏர்பிரஷ் அடிக்கும்போதும் முகக்கவசம் கட்டாயம்.

உருக்குத்தடம்

மேசைவிளக்கு சொன்னதோடு புகைக்குழாயையும் சேர்த்துக்கொள்கிறேன். வி-2 டீசல் என்ஜினின் இரண்டு புகைக்குழாய்களும் பின்தகட்டில் வெளிவருகின்றன. அவற்றைச் சுற்றி வெள்ளை நிலைத்திருக்காது, கரியே படிந்திருக்கும். கறுப்புப் பொடியை மென்மையான தூரிகையால் குழாயின் வாயிலிருந்து வெளிப்புறமாக மங்கிச் செல்லும்படி தடவுங்கள். எரிபொருள் ஊற்றும் மூடிகளின் கீழ், கறை வழிந்த தடத்தை அடர்பழுப்பு எண்ணெய் வண்ணத்தால் மெல்லிய கோடாக இழுக்கலாம். டீசல் கறை சற்றே மினுங்கும் என்பதால் அதில் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் கலக்கவும்.

தூரிகையாளர்

வரிசையில் மட்டும் ஓர் எச்சரிக்கை. மங்கல் வார்னிஷை ஈரச் சேற்றுக்கும் டீசல் கறைக்கும் முன்பே அடித்து முடித்துவிடுங்கள். பின்னால் அடித்தால் ஈரத்தின் மினுக்கம் எல்லாம் ஒரேயடியாக மங்கி, உருகும் பனிக்காலம் காய்ந்த கோடைக்காலமாகிவிடும். ஈரப் பளபளப்பைத் தடத்தின் பள்ளங்களிலும், கீழ்ச் சக்கரங்களிலும், பின் மட்காப்பிலும் மட்டும் வைத்தால் போதுமானது.