இரண்டு துண்டு மரமீன்: மூட்டு, ஈயம், நாக்கு

குடமுருட்டிக்கரை (திருவையாறு):

மூட்டு லூர், அதாவது தலையும் வாலும் தனித்தனித் துண்டாக மூட்டில் ஆடும் மரத் தூண்டில் பொய்மீன், செய்ய உட்காருகிறவர்கள் முதலில் மல்லுக்கட்டுவது மூட்டோடுதான். வால் ஆடுவது மூட்டால் என்று நினைப்பு. மூட்டு வழிவிடும், அவ்வளவே. ஆட்டுவது வாய்க்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு என்கிற தகடு. அந்த ஆட்டம் வால் வரை போய்ச் சேருமா என்பதை முடிவுசெய்வது இரண்டு துண்டுகளின் மிதப்பு. வால் துண்டைத் தனியே தண்ணீரில் போட்டால் முதுகு மேலே, வயிறு கீழே என்று நிற்க வேண்டும். குப்புறவோ பக்கவாட்டிலோ படுத்தால் எவ்வளவு நல்ல மூட்டு போட்டாலும் திருகிக்கொண்டுதான் வரும்.

ஆற்றுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் சரியாக வரும் அளவு இது: மொத்த நீளம் 11 செ.மீ., தலை 6.5, வால் 4.5. உயரம் 24 மி.மீ., கனம் 16 மி.மீ. இந்தக் கட்டை 42 கன செ.மீ. வரும். மீன் உருவத்துக்கு இழைத்தபின் ஏறக்குறைய 25 நிற்கும். அந்த 25தான் முழுக் கணக்குக்கும் அடிப்படை. தண்ணீரில் அமிழும்போது 25 கிராமைத் தாங்கும். அதற்குமேல் போனால் மூழ்கும்.

கன அளவை எடுக்கச் சுலபமான வழி, சமையல் தராசில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். செதுக்கிய உடலை ஊசியில் குத்தி, கிண்ணத்தின் அடியையும் ஓரத்தையும் தொடாமல் முழுக்க அமுக்குங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை கன செ.மீ.

இனி வரவுசெலவு. மரம் 11 கிராம், 4ஆம் நம்பர் மூன்றுமுள் (மூன்று முனைத் தூண்டில் முள்) இரண்டும் சேர்ந்து 3, வளையங்கள், கண் கம்பிகள் (நுனியில் வளையம் வைத்து உடலில் புதைக்கும் கம்பிகள்), இரண்டு துண்டையும் கோக்கும் மூட்டு ஊசி 2.5, நாக்கு 1, பூச்சு 2. மொத்தம் 19.5. மிதக்கும் லூர் 22.5 முதல் 23 வரை நிற்கலாம். ஆக ஈயத்துக்கு 3 கிராம் இடம் இருக்கிறது. வீச்சுவலைக்குக் கோக்கும் ஈயமணியே போதும். தட்டி நசுக்கி, நகைத்தராசில் 0.1 கிராம் வரை பார்த்து நறுக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் ஈயம் உருக்க வேண்டாம். புகை ஒரு பக்கம், ஈரம் பட்ட அச்சில் ஊற்றினால் தெறிப்பது இன்னொரு பக்கம். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

2.3 கிராம் தலைத் துண்டின் வயிற்றில், முன் முள் தொங்கும் கண் கம்பிக்குச் சற்றுப் பின்னால். மீதி 0.7 வாலின் அடி வயிற்றில், மூட்டுக்கு அருகில். வால் நுனிப் பக்கம் ஈயம் வைத்தால் வால் தொங்கிவிடும். தொங்கிய வால் துடுப்பு மாதிரி இழுபடுமே தவிர ஆடாது.

தச்சுப்பட்டறை (கும்பகோணம்):

மரத்தைப் பற்றி அண்ணன் சொல்லாமல் விட்டதைச் சேர்த்துவிடுகிறேன். பேரைக் கேட்டு மரம் வாங்காதீங்க, மிதக்கவிட்டுப் பாருங்க. 2 செ.மீ. சதுரத்தில் 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்தால் 40 கன செ.மீ. எடை 16 முதல் 20 கிராமுக்குள் இருந்தால் நம்ம வேலைக்குத் தோது. குமிழ் மரம் அந்தக் கணக்குக்குள் வரும், உளிக்கும் இணங்கும், நார் பிரியாது. கல்யாண முருங்கை ரொம்ப லேசு. ஈயம் நிறைய வைக்கலாம், ஆனா கண் கம்பி பிடிப்பு கிடையாது, வாளை மீன் ஒரு கடி கடிச்சா பல் உள்ளே இறங்கிடும். கொடிக்கால் அகத்தியும் அதே ஜாதிதான். தஞ்சாவூர் வீணைப் பட்டறையில் விழுகிற பலாத் துண்டு பார்க்க அழகு, ஆனா கனம். அதில் ஈயம் வைக்க இடம் மிச்சமிருக்காது. மூழ்கு லூர் வேணும்னா எடுத்துக்கலாம். நெட்டி வேண்டவே வேண்டாம். அது மாலைக்கும் கோயில் பொம்மைக்கும்தான்.

வெட்டுகிற வரிசை முக்கியம். கட்டை சதுரமாக இருக்கும்போதே நடுக்கோடு போட்டு, நாக்குக்கான பிளவு, மூட்டு ஊசித் துளை, முள் தொங்கும் கண் கம்பித் துளைகள் எல்லாம் முடிச்சிடணும். உருட்டினபிறகு துளை போட உட்கார்ந்தால் எது நேர், எது கோணல் என்று பார்க்கப் பக்கமே இருக்காது. நாக்கு ஒரு டிகிரி சாய்ந்தாலும் லூர் பக்கவாட்டில் ஓடும். உடலை ஒரே கட்டையாக உருட்டி, 120, 220 நம்பர் உப்புத்தாள் போட்டபின் கடைசியாகத்தான் இரண்டாக அறுக்கணும். முன்னாலேயே அறுத்துட்டு தனித்தனியா உருட்டினால் தலையும் வாலும் ஒன்றுக்கொன்று சேராது, மூட்டு இருக்கும் இடத்தில் படி விழும்.

பச்சை மரம் கூடாது. நிழலில் காயணும். வெயிலில் வைத்தால் நுனியில் வெடிக்கும்.

புதுசா வந்தவன் (மன்னார்குடி):

அண்ணே, இரண்டு கொக்கி ஆணியை ஒன்றுக்குள் ஒன்று கோத்தால் போதாதா? ஊசி மூட்டு எதற்கு?

குடமுருட்டிக்கரை:

போதும் தம்பி, ஆனால் ஒரு ஜோடி போட்டால் வால் மேலும் கீழும் விழும், திருகவும் செய்யும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு ஜோடி போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். அரை மணியில் முடிகிற வேலை, சோதனை லூருக்கு அதுவே போதும். நிலைக்க வேண்டுமென்றால் ஊசி மூட்டுதான்.

1 மி.மீ. துருப்பிடிக்காத கம்பியை 3 மி.மீ. ஆணியில் சுற்றிக் கண் செய்து, கம்பியின் மீதி நுனிகளைச் சேர்த்து ஐந்து முறுக்கு முறுக்கிக்கொள்ளுங்கள். பித்தளைக் கம்பி மெத்தென்று இருக்கும், பெரிய மீன் இழுத்தால் கண் திறந்துகொள்ளும். இப்படி இரண்டு கண்களைத் தலைத் துண்டின் பின்முகத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாக, 12 மி.மீ. இடைவெளியில், கண் துவாரம் வானத்தைப் பார்க்கும்படி படுக்கையாகப் புதைக்க வேண்டும். 10 மி.மீ. வெளியே நிற்கட்டும். வால் துண்டின் முன்முகத்தில் அந்தக் கண்கள் நுழைய 3 மி.மீ. அகலம், 9 மி.மீ. ஆழத்துக்கு இரண்டு பிளவு. முகத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே, மேலிருந்து கீழாக 2 மி.மீ. துளை. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி அதில் சரியாக இறங்கும். எவர்சில்வர் கம்பிதானா என்று பார்த்து வாங்குங்கள். முலாம் பூசியது ஒரு மழைக்காலத்தில் துருவேறி மரத்தைப் பிளந்துவிடும்.

பசை ஊசியின் இரண்டு நுனியில் மட்டும். நடுவில் ஒரு சொட்டு வழிந்தாலும் மூட்டு செத்தது. அதனால் முதலில் கீழ் நுனியை ஒட்டி, லூரை நிமிர்த்தி வைத்து உலரவிட்டு, பிறகு மேல் நுனி.

இரண்டு முகத்துக்கும் நடுவே 2.5 மி.மீ. சந்து. வால் துண்டின் முன்முகத்தை ஆப்பு மாதிரி இரு பக்கமும் 35 டிகிரி சீவுங்கள். பூச்சு ஏறினால் சந்து குறையும் என்பதை மறந்து 1 மி.மீ. மட்டும் விட்டால் வால் பாதி வழியில் முட்டும். 5 மி.மீ. விட்டால் லூர் இரண்டு தனி மீன் மாதிரி தள்ளாடும். உலர்ந்ததும் தலையைப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். வால் தன் பாரத்திலேயே ‘டக்’கென்று விழ வேண்டும். மெதுவாக இறங்கினால் எங்கோ உரசுகிறது.

தச்சுப்பட்டறை:

நாக்குக்கு பழைய சிடி. அது பாலிகார்பனேட், 1.2 மி.மீ. கனம். கத்தரிக்கும் முன்னால் கொதிக்கிற தண்ணியில் ஒரு நிமிஷம் போடுங்க, இல்லேன்னா விளிம்பில் வெடிப்பு ஓடும். மேலே இருக்கிற வெள்ளித்தோலை ஒட்டுநாடா ஒட்டி உரிச்சிடலாம். 18 மி.மீ. அகலம், 30 மி.மீ. நீளம், அதில் 10 உடலுக்குள், 20 வெளியே. ஹாக்ஸா பிளேடு போட்ட பிளவு சிடிக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், உப்புத்தாளை மடிச்சு இரண்டு இழு இழுத்தால் போதும். அக்ரிலிக்கில் நாக்கு வெட்டினால் மதகுக் கல்லில் ஒரு அடி, அதோட சரி.

கோணம்தான் ஆழம். உடலுக்கு செங்குத்தாக நின்றால் மேல்மட்டத்திலேயே பலமாக ஆடும். முன்னே நீண்டு படுத்தால் ஆழம் போகும், ஆட்டம் சிறுக்கும். நம்ம ஆற்றில் மணல் மேடும் மடுவும் மாறி மாறி வருவதால் 45 டிகிரி எதற்கும் உதவும்.

வண்ணப்பொடி (மயிலாடுதுறை):

பூச்சு பற்றி யாரும் பேசவில்லை, பாதி லூர் சாவது அங்கேதான். மரம் தண்ணீர் குடித்தால் ஊதும், ஊதினால் மூட்டு இறுகும், எடை கூடும், மேலே போட்ட வண்ணம் செதிலாகப் பெயரும். நீர்த்த சூப்பர் குளூவை உடல் முழுக்க, துளைகளுக்குள்ளும், ஊசி போடும் முன்பே ஊறவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கண் எரியும். முடிந்ததும் சோதனை: எடை பார்த்து, ஒரு மணி நேரம் தண்ணீரில் அமுக்கி வைத்து, துடைத்து மறுபடி எடை. 0.3 கிராமுக்கு மேல் கூடினால் ஏதோ ஒரு துளை திறந்திருக்கிறது. பெரும்பாலும் நாக்குப் பிளவின் அடிமூலை.

வெள்ளை அடிப்பூச்சு, அதன்மேல் வண்ணம். செதில் வேண்டுமென்றால் கொசுவலையை உடலில் இழுத்துக் கட்டி மேலே ஸ்ப்ரே அடித்து, உலர்ந்ததும் எடுங்கள். மின்னலுக்கு சாக்லேட் தாள். புதிய யோசனை ஒன்றுமில்லை. பின்லாந்தில் லௌரி ராப்பாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் தாளைச் சுற்றி, போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசித்தான் தன் முதல் லூரைச் செய்தார். நமக்கு நெகட்டிவ் கிடைக்காது, எபாக்ஸி இருக்கிறது.

எபாக்ஸியில் ஐந்து நிமிடத்தில் இறுகும் சாதி வேண்டாம். தடவி முடிப்பதற்குள் கெட்டியாகும், சீக்கிரம் மஞ்சளிக்கும். மெதுவாக இறுகுவதை வாங்கி, லூரை நிமிடத்துக்கு ஐந்து சுற்று சுற்றவிடுங்கள். ஏர்கூலரில் காற்றைத் திருப்பும் தட்டிகளை மெதுவாக ஆட்டும் சின்ன மோட்டார் இதற்கென்றே பிறந்தது. சுற்றவிடாமல் தொங்கவிட்டால் வயிற்றில் துளி சேர்ந்து, நீங்கள் கணக்குப் போட்டு வைத்த ஈயத்தின் கணக்கே மாறிவிடும். தலையையும் வாலையும் தனித்தனியே பூசி, கடைசியில்தான் ஊசி. கலவை விகிதம் கன அளவிலா எடையிலா என்று டப்பாவில் பாருங்கள். இரண்டையும் குழப்பினால் பிசுபிசுப்பு போகவே போகாது.

ஐப்பசி, கார்த்திகையில் எபாக்ஸிமேல் மெழுகு மாதிரி ஒரு படலம் படியும், காற்றின் ஈரத்தால் வருவது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, 400 உப்புத்தாள் லேசாகப் போட்டு, அடுத்த பூச்சு. கழுவாமல் பூசினால் இரண்டாவது பூச்சு தோலாக உரியும்.

அலையாத்தி (முத்துப்பேட்டை):

குளத்தில் சரிபார்த்த லூரைக் கழிமுகத்துக்குக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒன்று. கடல்நீர் கிட்டத்தட்ட 2.5 சதம் கனம். 25 கன செ.மீ. லூருக்கு அது 0.6 கிராம் கூடுதல் மிதப்பு. கும்பகோணத்துக் குளத்தில் நடுத்தண்ணீரில் அசையாமல் நிற்கும்படி செய்தது இங்கே மேலே வந்துவிடும். முள்ளின் தண்டில் ஈயக் கம்பி சுற்றிச் சரிசெய்யலாம், உடலைத் துளைக்க வேண்டாம். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் கழிமுகத்தில் வந்து கலந்துவிட்டால் அதைக் கழற்றிவிடுங்கள்.

கொடுவா மீனுக்கு சிடி நாக்கு தாங்காது. கூரைக்குப் போடும் பாலிகார்பனேட் தகட்டில், உள்ளே கூடில்லாத 2 மி.மீ. துண்டு வாங்குங்கள். கண் கம்பியும் 1.2 மி.மீ.க்கு ஏற்றுங்கள். அதன் செவுள் மூடி கத்தி மாதிரி, அதனால் லூருக்கு முன்னே 40 பவுண்டு தங்கூசி (நைலான் நரம்பு) இரண்டடி. வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், குறிப்பாக மூட்டுச் சந்தை. உப்பு அங்கேதான் உட்காரும்.

கொள்ளிடத்தான் (அணைக்கரை):

கரையில் செய்யவேண்டியது. முதலில் இரண்டு முள்ளையும் ஒன்றை நோக்கி ஒன்றை இழுத்துப் பாருங்க, நடுவே 5 மி.மீ. இடம் இருக்கணும். இல்லேன்னா வீசும்போதே மாட்டிக்கிட்டு வரும். பின் முள் மூட்டுச் சந்துக்குள்ளே போகுதான்னும் பாருங்க. போனா ஒரு நம்பர் சின்ன முள்.

லூர் நம்மைப் பார்த்து வரும்போது நம்ம இடப்பக்கம் ஓடுதுன்னா, நூல் கட்டும் மூக்குக் கண்ணை குறடால் நம்ம வலப்பக்கம் ஒரு முடி அளவு வளைங்க. ஒரு முடி அளவுதான். இரண்டு தடவைக்கு மேல் வளைச்சும் சரியாகலேன்னா தப்பு கண்ணில் இல்லை, நாக்கு கோணல். முடிச்சை கண்ணோடு இறுக்கிக் கட்டினாலும் ஆட்டம் செத்துப்போகும், சின்ன ஸ்னாப் (திறந்து மாட்டுகிற கம்பிக் கொக்கி) போடுங்க. வாளை இருக்கிற இடத்தில் லூருக்கு முன்னே கம்பி கட்டாயம்.

ஜூன் 12 கணக்கில் மேட்டூர் திறந்து புதுத்தண்ணி வந்தால் ஆறு காப்பித்தண்ணி மாதிரி. அப்போ வெள்ளி நிற லூர் எடுபடாது. கறுப்பு முதுகு, தங்க வயிறு, கொஞ்சம் ஆரஞ்சு. தை பிறந்து தண்ணி தெளிந்ததும் வெள்ளி. மூட்டு லூருக்கு வேகம் வேண்டாம். ஒற்றைக் கட்டை லூர் செத்துப்போகிற வேகத்திலும் இது ஆடும், அதுக்காகத்தானே இவ்வளவு பாடு.

ஆகாயத்தாமரையும் அல்லியும் மூடின குட்டையில் இதை வீசாதீங்க. ஆறு முள்ளும் கொடியில்தான் ஏறும், அங்கே தவளை லூர். மழைக்காலத்தில் தண்ணிமேல் செக்கச்செவேல்னு குஞ்சுக் கூட்டம் கொப்பளிச்சா அடியில் விரால் காவல் இருக்கு, அதில் எறிகிறது பாவம். குளம் குத்தகையில் இருந்தா குத்தகைக்காரரைக் கேட்டுட்டு இறங்குங்க.

புதுசா வந்தவன்:

வால் துண்டு மட்டும் தனியாகப் பக்கவாட்டில் படுக்கிறது. 0.7 கிராம் வைத்தாயிற்று.

குடமுருட்டிக்கரை:

ஈயம் நடுக்கோட்டுக்கு அருகில் போய்விட்டது. துளையைத் தோண்டி எடுத்து, அடிவயிற்றுத் தோலுக்கு 2 மி.மீ. உள்ளே இருக்கும்படி நீளவாக்கில் பதித்து மூடு. எடையைக் கூட்டாதே. அப்படியும் படுத்தால் முதுகை விட வயிறு அகலமாக இருக்கிறதா என்று பார். மரம் கீழே அதிகம் இருந்தால் அந்தப் பக்கம்தான் மேலே வரப் பார்க்கும். வயிற்றை இரு பக்கமும் ஒரு மி.மீ. சீவிவிடு.