சூடான ஐடிலில் ஆயில் லைட் மினுக்குகிறது: 5டபிள்யூ-30ஐ விட்டு 5டபிள்யூ-40க்குப் போகலாமா?

வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் நாலு சிலிண்டர் பெட்ரோல், விவிடி (வால்வு திறக்கும் நேரத்தை ஆயில் பிரஷரால் மாற்றும் அமைப்பு) உண்டு, 1,30,000 கி.மீ. ஓடியது. இப்போது இருப்பது முழு சிந்தெடிக் 5டபிள்யூ-30 இன்ஜின் ஆயில்.

ரெண்டு மாதமாக, நெரிசலில் அரை மணி ஊர்ந்த பிறகு சிக்னலில் நின்றால் ஆயில் லைட் லேசாக மினுக்கும். ஆக்சிலரேட்டரைத் தொட்டால் அணைந்துவிடும். காலையில் குளிர்ந்த இன்ஜினில் வருவதே இல்லை. டிப்ஸ்டிக்கில் அளவு சரி, லீக் இல்லை, தட்டல் சத்தமும் இல்லை.

பிரஷர் சுவிட்ச், ஃபில்டர் புதுசு. சம்ப்பை (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றி, பம்ப்புக்கு ஆயில் போகும் வழியில் உள்ள ஸ்ட்ரெய்னர் சல்லடையையும் கழுவியாச்சு. மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பார்த்ததில் சூடான ஐடிலில் 0.5 பார், 3000 ஆர்பிஎம்மில் 2.7. பம்ப்பையோ பேரிங்கையோ இன்னும் திறக்கவில்லை. ஆயிலை மாற்றி லைட்டை அணைப்பது தேய்மானத்தை மறைப்பதுதான் என்பதும் தெரியும்.

வெயில் 40 டிகிரியைத் தொடுகிற இடம். ஆயில் கிரேடில் முன்னால் இருக்கும் 5 (குளிரில் ஓடும் தன்மை) இங்கே பெரிய விஷயமில்லை, பின்னால் வரும் எண்தான் (சூட்டில் கெட்டித்தன்மை) கணக்கு. 100 டிகிரியில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் (கெட்டித்தன்மையின் அலகு), 40 கிரேடு 12.5க்கு மேல். கையேடு இரண்டையும் அனுமதிக்கிறது. கெட்டி ஆயிலில் விவிடி மந்தமாகுமோ என்பதுதான் தயக்கம்.

இதே மாதிரி விவிடி இன்ஜினில் 40 போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: பம்ப்பைத் திறக்கும் வரை 5டபிள்யூ-40 போடலாமா, அல்லது எச்டிஎச்எஸ் (அதிக சூட்டிலும் வேக உரசலிலும் ஆயிலுக்கு இருக்கும் கெட்டித்தன்மை) 3.5க்கு மேல் உள்ள 5டபிள்யூ-30 போதுமா?