ரிமோட் படகு: ப்ராப்பெல்லர் மாற்றும்போது மகனுக்கு விரலில் வெட்டு

கெப்போங் அப்பா:

வணக்கம். போன ஞாயிறு என் மகனுக்கு (12 வயது) விரலில் வெட்டு. ரிமோட் படகின் ப்ராப்பெல்லரை மாற்றப் போய் வந்த வினை. கோலாலம்பூர் கெப்போங் பக்கம் ஒரு பழைய ஈயச் சுரங்கக் குட்டையில் ஓட்டிக்கொண்டிருந்தோம். எதிலோ இடித்து, பிளாஸ்டிக் ப்ராப்பின் ஒரு இதழ் நுனி உடைந்துவிட்டது. கரைக்குக் கொண்டுவந்ததும் நான் ரிமோட்டை ஆஃப் செய்தேன். அவன் நட்டில் கை வைத்தான். ஒரே நொடி, படாரென்று சுற்றி நின்றது. நல்லவேளை, மேல்தோலோடு போனது. வீட்டில் நான் வாங்கிய திட்டுதான் இன்னும் ஆறவில்லை.

ரிமோட் ஆஃப் ஆன பிறகும் எப்படிச் சுற்றியது? இனி எப்படி மாற்றுவது? இன்னொன்று, பழைய ப்ராப் 38 மில்லிமீட்டர். கடையில் 42 தான் இருந்தது, உலோகம், 35 வெள்ளி கொடுத்து வாங்கிவிட்டேன். அப்படியே மாட்டலாமா? மோட்டார் 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று), பேட்டரி 3 செல் லிப்போ (லித்தியம் பாலிமர்).

செந்தூல் பட்டறை:

தம்பி, முதலில் விரலைப் பாருங்கள். குட்டைத் தண்ணீர் பட்ட காயம். பையன் டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டான் என்று கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், குட்டையில் கை வைத்த கதையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நம் ஊரில் எலிச் சிறுநீர்க் காய்ச்சல் உண்டு.

நீங்கள் ரிமோட்டை முதலில் அணைத்ததுதான் தப்பு. படகுக்குள் இருக்கும் ரிசீவர் அப்போதும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. சிக்னல் போனால் மோட்டாரை நிறுத்து என்று அதற்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும், அதற்குப் பெயர் ஃபெயில்சேஃப். அது சரியாக அமைக்கப்படவில்லை என்றால் ரிசீவர் தன் இஷ்டத்துக்கு ஏதாவது செய்யும். ஓட்டும்போது முதலில் ரிமோட்டை ஆன் செய்து, அப்புறம் பேட்டரியைச் செருக வேண்டும். முடிக்கும்போது முதலில் பேட்டரி, கடைசியில் ரிமோட்.

படகில் இருக்கும் சுவிட்சையும் நம்ப வேண்டாம். பல ஸ்பீடு கன்ட்ரோலரில் அந்தச் சுவிட்ச் ரிசீவருக்குப் போகும் மின்சாரத்தை மட்டும்தான் நிறுத்தும். பேட்டரி அதே மாதிரி இணைந்தே இருக்கும். பிளக்கைப் பிடுங்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்றால், இடது சுட்டுவிரலில் ஐந்து தையல். சில வருடங்களுக்கு முன் மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. காரின் பின்பக்கத்தைத் திறந்து, படகை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, அவசரமாக நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். பிளக் செருகித்தான் இருந்தது. கூட வந்த நண்பர் உதவி செய்கிறேன் என்று ரிமோட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியின் ஸ்பாஞ்சு டிரிக்கரை அழுத்திவிட்டது. வலியே தெரியவில்லை தம்பி. சட்டையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள், யாரோ பிரஷ்ஷை உதறியது போல. அதைப் பார்த்த பிறகுதான் விரலைப் பார்த்தேன். கிளினிக்கில் டாக்டர் "பாராங் கத்தி பட்டதா?" என்று கேட்டார். பொம்மைப் படகு என்றேன், நம்பவில்லை.

உங்கள் மோட்டார் 2000 கேவி, பேட்டரி முழு சார்ஜில் 12.6 வோல்ட். சுமை இல்லாவிட்டால் நிமிடத்துக்கு 25,200 சுற்று. அது விரல் எது, தண்ணீர் எது என்று பார்க்காது.

மாற்றும் முறை பெரிய வித்தை இல்லை. பேட்டரியைப் படகிலிருந்து வெளியே எடுத்து, உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வையுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் ப்ராப்பைத் தொட வேண்டும். 4 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில், அதாவது ப்ராப்பைச் சுற்றும் தண்டில், வழக்கமாக வருவது எம்4 லாக் நட்டு, அதற்கு 7 மில்லிமீட்டர் ஸ்பானர் போதும். ஷாஃப்ட் கூடவே சுற்றினால் ப்ராப் இதழைப் பிளையரால் பிடிக்காதீர்கள், வளைந்துவிடும். ப்ராப்புக்கு முன்னால் ஷாஃப்ட்டில் மாட்டியிருக்கும் பல் வைத்த துண்டை, அதாவது டாக்கைப் பிடியுங்கள். புது ப்ராப்பின் பள்ளம் அந்த டாக்கின் பல்லில் சரியாக உட்கார வேண்டும். ஓட்டையின் அளவையும் பாருங்கள். சில உலோக ப்ராப் 3/16 அங்குலம், அதாவது 4.76 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் அது தொளதொளவென்று ஆடும்.

பலர் கோட்டை விடுகிற இடம் ஒன்று உண்டு. டாக்குக்கும், ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஃபிளெக்ஸ் ஷாஃப்ட் என்பது முறுக்கிய கம்பி. சுமை ஏறும்போது இன்னும் முறுக்கிக்கொண்டு நீளம் குறையும். இடைவெளி இல்லையென்றால் டாக் ஸ்ட்ரட்டில் உரசித் தேய்த்துவிடும்.

42 வேண்டாம். விட்டம் கூடினால் மோட்டார் கேட்கும் சக்தி ஐந்தாம் அடுக்கில் ஏறும். 38க்கு 42 என்றால், அதே வடிவத்தில், அதே சுற்று வேகத்தில் சுமார் 1.65 மடங்கு. கன்ட்ரோலர் கருகிவிடலாம். கடையில் மாற்றித் தருவார்கள், கேட்டுப் பாருங்கள்.

அம்பாங் வேகப்படகு:

அண்ணன் சொன்னது சரி, இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். லாக் நட்டு கழன்றுவிடாமல் பிடிப்பது அதற்குள் இருக்கும் நைலான் வளையம்தான், அந்த நட்டை விரலால் திருகிப் பாருங்கள். கையாலேயே கடைசிவரை இறங்கினால் குப்பையில் போடுங்கள். ஒரு நட்டு சில காசுதான், ப்ராப் குட்டையின் அடியில் போனால் 35 வெள்ளி.

அப்புறம், அந்த உலோகம் என்ன என்று கேட்டீர்களா? பந்தய ப்ராப் பல பெரிலியம் செம்பில் வார்க்கிறார்கள். புதிதாக வருவதன் ஓரத்தைத் தீட்டி, சமநிலை பார்த்துத்தான் மாட்ட வேண்டும். ஆனால் அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆபத்து. சமையலறை மேசையில் அரம் எடுத்து உட்காராதீர்கள். வீட்டில் சின்னப் பையன் இருக்கிறான், தீட்டிச் சமன் செய்ததையே வாங்கிவிடுங்கள்.

செந்தூல் பட்டறை:

ஆமாம், தூள் விஷயத்தை விட்டுவிட்டேன். நல்லா சொன்னீங்க. தடித்த தோல் கையுறை நட்டு முறுக்கும்போது நல்லது. ஆனால் சுற்றும் ப்ராப் பக்கத்தில் கையுறையே வேண்டாம், இழுத்துக்கொள்ளும். திசை சரியா என்று பார்க்க வேண்டுமானால் ப்ராப்பைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டை மட்டும் ஒரு நொடி சுற்றவிடுங்கள். தலைகீழாகச் சுற்றினால் மோட்டாரின் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றிப் போட்டால் போதும்.

கெப்போங் அப்பா:

அண்ணே, நன்றி. டெட்டனஸ் ஊசி போட்டாச்சு, விரல் ஆறிவிட்டது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் 42 ஐ வாங்கிக்கொண்டு 38 கொடுத்தார். பிளாஸ்டிக் தான், மீதி 20 வெள்ளி கையில்.

பேட்டரியைப் புல்லில் வைத்துவிட்டு நானே கழற்றினேன். மகன் பக்கத்தில் நின்று, "அப்பா, பேட்டரி அங்கே இருக்கு" என்று மூன்று தடவை சொன்னான். டாக்கை நகர்த்தியபோதுதான் உள்ளே பார்த்தேன். யாரோ மீன் பிடித்து விட்டுப்போன தங்கூசி நூல், டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே கறுப்பாக உருகி, மோதிரம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிளேடால் அறுத்து எடுக்கவே கால் மணி நேரம். இடைவெளி இப்போது 2 மில்லிமீட்டர் விட்டிருக்கிறேன். ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தோம், இளஞ்சூடுதான்.