கணவருக்கு கிளியோபிளாஸ்டோமா: சோஷியல் செக்யூரிட்டி உதவித்தொகை சீக்கிரம் கிடைக்க வழி உண்டா?

பொருநை மகள் | நவம்பர் 8, 2025

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு வயது 44. செப்டம்பர் 12 வரை ஒழுங்காக வேலைக்குப் போய் வந்தார். அன்று இரவு சாப்பிடும்போது கையிலிருந்து தட்டு நழுவியது, பேச்சு குழறியது. எமர்ஜென்சிக்கு ஓடினோம். 18-ம் தேதி தலையில் அறுவை சிகிச்சை. பயாப்சியில் கிளியோபிளாஸ்டோமா என்கிற மூளைப் புற்றுநோய், கிரேடு 4 என்று வந்தது. இப்போது ரேடியேஷனும் கீமோ மாத்திரையும் போய்க்கொண்டிருக்கின்றன. வலது கையில் பேனா நிற்பதில்லை. சாவி எங்கே என்று கேட்க நினைத்து, கதவு எங்கே என்கிறார்.

2018-இல் எல்1 வேலை விசாவில் வந்தோம். 2022-இல் கிரீன் கார்டு கிடைத்தது. அதற்கு முன் அவர் சென்னையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தார். எனக்கு வேலை இல்லை. பெண்ணுக்கு 13, பையனுக்கு 8. கம்பெனி இன்சூரன்ஸ் டிசம்பர் 31 வரைதான்.

கோயிலில் பார்த்த ஒருவர், "பத்து வருஷம் வேலை செய்து 40 க்ரெடிட் (வேலை செய்து வரி கட்டுவதற்குச் சேரும் புள்ளி) இருந்தால்தான் சோஷியல் செக்யூரிட்டி, உங்களுக்குக் கிடையாது" என்றார். மருத்துவமனையில் ஒரு சோஷியல் ஒர்க்கர் கம்பேஷனேட் அலவன்ஸ் என்று ஏதோ சொன்னார், அதற்குள் அவரை வேறு அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்தப் பெயரில் ஃபார்ம் தேடினேன், கிடைக்கவில்லை. சாதாரண விண்ணப்பத்தை ஆன்லைனில் திறந்து, நோய் என்ற இடத்தில் "மூளையில் கட்டி, வலது கை பலவீனம்" என்று எழுதி, பாதியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல் மண் | நவம்பர் 8

படிக்கவே கஷ்டமாக இருக்கிறதம்மா. ஒன்று சொல்கிறேன், பணம் சீக்கிரம் வரும் என்று நம்பி வீட்டுக் கடனை விட்டுவிடாதீர்கள். என் மைத்துனர் முதுகுத் தண்டுப் பிரச்சினைக்கு விண்ணப்பித்தார். முதலில் மறுத்தார்கள், மேல்முறையீடு போனது, நீதிபதி முன்னால் விசாரணை என்று இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதல் பதில் வரவே எட்டு மாதம் பிடித்தது.

வைகைக்கரை | நவம்பர் 9

தங்கச்சி, நான் நியூ ஜெர்சியில் இருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு 2021-இல் ஏஎல்எஸ் (தசைகளை இயக்கும் நரம்புகள் செயலிழக்கும் நோய்) என்று கண்டுபிடித்தார்கள். 2023 கார்த்திகையில் போய்விட்டார். நீங்கள் இப்போது நிற்கிற இடத்தில் நான் நின்றிருக்கிறேன், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 40 க்ரெடிட். நம் ஆட்களிடையே இந்தத் தப்பான தகவல் எவ்வளவு குடும்பங்களைத் தடுத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 40 என்பது ஓய்வூதியத்துக்கு. உடல்நலம் கெட்டு வேலை செய்ய முடியாமல் போகிறவர்களுக்கு வயதைப் பொறுத்துக் கணக்கு மாறும். 31 முதல் 42 வரை 20 போதும், 44-க்கு 22, 50-க்கு 28. அதில் 20 கடைசிப் பத்து வருடத்தில் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு அதிகபட்சம் நான்கு. உங்கள் வீட்டுக்காரர் 2018 முதல் விடாமல் வேலை செய்திருந்தால் 30-ஐ ஒட்டி இருக்கும், தாராளமாகப் போதும். சென்னையில் செய்த ஒன்பது வருடம் இதில் சேராது, இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அப்படி ஒப்பந்தம் இல்லை. அவருடைய சோஷியல் செக்யூரிட்டி கணக்கைத் திறந்து பாருங்கள். க்ரெடிட்டும் இருக்கும், வேலை செய்ய முடியாமல் போனால் மாதம் எவ்வளவு வரும் என்றும் இருக்கும். எஸ்எஸ்டிஐ, அதாவது வேலை செய்ய முடியாதவர்களுக்கான இந்தத் தொகை, சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கிடைக்கிற காப்பீடு. யாரிடமும் கை நீட்டுகிறோம் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் கம்பேஷனேட் அலவன்சஸ். கடுமையான நோய்களுக்கு முடிவைச் சீக்கிரம் எடுக்கிற ஏற்பாடு அது. ஃபார்ம் கிடைக்கவில்லை என்றீர்களே, அப்படி ஒன்று இல்லை. 2008-இல் 50 நோய்களோடு தொடங்கினார்கள், 2025-இல் பட்டியல் 300 ஆனது. கிளியோபிளாஸ்டோமா ஆரம்பத்திலிருந்தே உண்டு. எல்லோரும் போடுகிற அதே விண்ணப்பத்தைத்தான் போட வேண்டும். அதில் எழுதியிருக்கிற நோயின் பெயரைப் பார்த்து கம்ப்யூட்டரே கொடி போட்டு, வரிசையில் முன்னால் தள்ளுகிறது. கரிசல் மண் தம்பியின் மைத்துனருக்கு ஆனதும் உண்மைதான், ஆனால் முதுகுவலி அந்தப் பட்டியலில் வராது.

அதனால்தான் நீங்கள் எழுதியிருக்கிற "மூளையில் கட்டி" என்ற வரியைப் பார்த்ததும் எனக்குப் பதறியது. நான் செய்த தப்பும் இதுவேதான். முதல் கட்டத்தில் "இரண்டு கைகளிலும் பலவீனம், நடப்பதில் சிரமம்" என்று எழுதினேன். எனக்கு அதுதான் உண்மையாகப் பட்டது. தினமும் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறவள் வேறெதை எழுதுவேன்? டாக்டர் கடிதத்தில் வேறு மோட்டார் நியூரான் டிசீஸ் என்று பொதுவாக எழுதியிருந்தார். பத்து வாரம் எந்தச் சத்தமும் இல்லை. நான்காவது முறை போன் செய்தபோது ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில் ஏஎல்எஸ் என்ற சொல்லே இல்லையே" என்றார். அன்றைக்கே டாக்டர் ஆபீசில் போய் உட்கார்ந்து, நோயின் முழுப் பெயரோடு புதுக் கடிதமும் ஈஎம்ஜி (நரம்பு, தசைப் பரிசோதனை) ரிப்போர்ட்டும் வாங்கி அனுப்பினேன். 16-வது நாள் அனுமதி வந்தது.

ஆகவே அந்த வரியை அழித்துவிட்டு, எஸ்எஸ்ஏ (சோஷியல் செக்யூரிட்டி நிர்வாகம்) தளத்தில் இருக்கிற பட்டியலில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே நோயின் பெயரை முதலில் போடுங்கள். கை பலவீனம், பேச்சுத் தடுமாற்றம் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். பயாப்சியின் பேத்தாலஜி ரிப்போர்ட், அறுவை சிகிச்சைக் குறிப்பு, எம்ஆர்ஐ ரிப்போர்ட் மூன்றையும் மருத்துவமனை அனுப்பும் என்று காத்திருக்காமல் நீங்களே வாங்கிச் சேருங்கள். முடிவெடுப்பது டிடிஎஸ் என்கிற, உங்கள் மாநிலத்தில் இந்த விண்ணப்பங்களைப் பரிசீலிக்கிற ஆபீஸ், அவர்கள் ரிப்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கிற நாள்தான் வீணாகிறது.

ஒரு கசப்பான செய்தியும் உண்டு. முடிவுதான் சீக்கிரம் வரும், பணம் அதே வேகத்தில் வராது. ஐந்து முழு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். செப்டம்பர் 12-இல் வேலை நின்றது என்றால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை கணக்கில் போய்விடும். மார்ச் மாதத்துத் தொகை ஏப்ரலில் கையில் வரும். எங்களுக்கு இந்த ஐந்து மாதம் இல்லை, ஏஎல்எஸ் நோயாளிகளுக்கு மட்டும் 2020 டிசம்பரில் சட்டம் போட்டு நீக்கினார்கள். கிளியோபிளாஸ்டோமாவுக்கு ஏன் நீக்கவில்லை என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அந்த நோய்க்கு மட்டும் காத்திருக்க நேரம் இருக்கிறதா?

மெடிக்கேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீடும் அப்படித்தான். தொகைக்குத் தகுதி வந்த மாதத்திலிருந்து 24 மாதம் கழித்து, உங்களுக்கு 2028 மார்ச்சில். அதுவரை கோப்ரா, அதாவது கம்பெனி இன்சூரன்ஸை நாமே பிரீமியம் கட்டித் தொடர்வது. ஜனவரியில் தொடங்கினால் 18 மாதம், 2027 ஜூனோடு முடியும். ஆனால் சோஷியல் செக்யூரிட்டி அனுமதிக் கடிதம் இருந்தால் 29 மாதத்துக்கு நீட்டிக்கலாம், 2028 மே வரை வரும். கடைசி 11 மாதம் பிரீமியம் ஒன்றரை மடங்கு வரை கேட்பார்கள். கடிதம் வந்ததை 60 நாளுக்குள் பிளான் நடத்துகிறவர்களிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். 18 வயதுக்குள் இருக்கிற இருவருக்கும் அப்பாவின் கணக்கில் தொகை உண்டு. பையன் 16 வயதுக்குள் இருப்பதால் அவனைப் பார்த்துக்கொள்கிற தாய்க்கும் உண்டு. குடும்பத்துக்கு மொத்தமாக ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், அதற்குள் பிரித்துத் தருவார்கள். அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

கரிசல் மண் | நவம்பர் 9

நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் அம்மா, மன்னியுங்கள். அக்கா சொல்வதைக் கேளுங்கள்.

சோழமண்டலம் | நவம்பர் 9

இதைப் படிக்கிற எச்1பி வேலை விசா நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. நம் சம்பளத்திலும் இந்த வரி பிடிக்கிறார்கள், க்ரெடிட்டும் சேர்கிறது. ஆனால் நம் விசா வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. சட்டப்படி இங்கே இருக்கிற நிலையும் தொகைக்கு வேண்டும். அதனால் நோய் வந்ததும் ராஜினாமா செய்துவிடாதீர்கள். மருத்துவ விடுப்பில் இருந்துகொண்டு, முதலில் இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசுங்கள். என் அறைத் தோழன் விஷயத்தில் ஒரு வாரம் முந்திக்கொண்டதால் வந்த வினையைக் கண்ணால் பார்த்தேன்.

பொருநை மகள் | நவம்பர் 10

அக்கா, நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். கணக்கைத் திறந்து பார்த்தோம், 31 க்ரெடிட் இருக்கிறது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அந்த எண்ணைக் கண்டதும் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். இரண்டு சந்தேகம். கம்பெனி ஷார்ட் டேர்ம் டிசபிலிட்டி என்று சம்பளத்தில் ஒரு பங்கு தருகிறது, அதைச் சொன்னால் மறுப்பார்களா? அவரால் கையெழுத்துப் போட முடியவில்லை, பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கிவிடலாமா?

வைகைக்கரை | நவம்பர் 10

மறுக்க மாட்டார்கள், ஆனால் மறைக்காமல் எழுதுங்கள். அவர்கள் பார்ப்பது வேலை செய்து வருகிற சம்பளத்தை. இந்த 2025-ஆம் வருடம் மாதம் 1,620 டாலருக்கு மேல் உழைத்துச் சம்பாதித்தால்தான், எந்த நோயாக இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். கடைசியாக வேலை செய்த நாள் செப்டம்பர் 12 என்பதைத் தெளிவாகப் போடுங்கள்.

பவர் ஆஃப் அட்டர்னி வங்கிக்கும் மருத்துவமனைக்கும் உதவும், எழுதி வையுங்கள். சோஷியல் செக்யூரிட்டி தொகையைக் கையாள அது செல்லாது. அவரால் முடியாத நிலை வந்தால் அவர்களே உங்களை ரெப்ரசென்டேடிவ் பேயீ (அவர் சார்பில் தொகையை வாங்கிக் கையாள்பவர்) என்று நியமிக்க வேண்டும். இப்போது அவருக்கு விஷயம் புரிகிறது அல்லவா, ஆன்லைனில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். பேனா தேவைப்படாது.

ரேடியேஷன் முடிகிற நேரத்தில் அசதி அதிகமாக இருக்கும் என்பார்கள். காலையில் அவர் தெளிவாக இருக்கும்போது உட்காருங்கள்.

பொருநை மகள் | டிசம்பர் 5

அக்கா, நவம்பர் 11 காலையில் அனுப்பினோம். பெயரைப் பட்டியலில் இருந்தபடியே எழுதினேன். டிடிஎஸ்-இலிருந்து ஒரே ஒரு போன், பேத்தாலஜி ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டார்கள். நேற்று அனுமதிக் கடிதம் வந்தது. நீங்கள் போட்ட கணக்கு மாதிரியே மார்ச் முதல் தகுதி. அதுவரைக்கும் என் அண்ணன் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறான். பிள்ளைகள் விண்ணப்பத்துக்குச் செவ்வாய்க்கிழமை போனில் நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

வைகைக்கரை | டிசம்பர் 5

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது தங்கச்சி. செவ்வாய்க்கிழமை போனில் பேசும்போது உங்களுக்கான தொகையையும் சேர்த்துக் கேளுங்கள், பிள்ளைகளுக்கு மட்டும் என்று முடித்துவிடப் போகிறார்கள். கடிதத்தை நான்கு நகல் எடுத்து வையுங்கள். கோப்ராவுக்குப் போகிற நகலைச் சர்ட்டிஃபைடு மெயிலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.