கரி ஸ்மோக்கரா, பெல்லட் கிரில்லா? சனிக்கிழமைக்குள் வாங்கணும், உதவுங்க

பிளேனோ_பையன்:
வணக்கம் மக்களே. வருகிற சனிக்கிழமை ஆட்கள் சாப்பிட வருகிறார்கள், டெக்சஸுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சே, புகை போட்ட கறி செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். கடையில் ரெண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கரி போடுகிற உயரமான உருளை ஸ்மோக்கர். இன்னொன்று பெல்லட் கிரில், மரத்தூள் துண்டுகளைக் கொட்டிவிட்டுப் போனிலேயே சூட்டைப் பார்த்துக்கொள்ளலாமாம். எது வாங்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள், சலுகை நாளையோடு முடிகிறது.

புகைமணி:
பட்ஜெட் எவ்வளவு? எத்தனை பேருக்கு? என்ன கறி? ஒன்றுமே சொல்லாமல் எது வாங்கலாம் என்றால் என்ன சொல்ல?

தணல்:
கரிதான், யோசிக்கவே வேண்டாம். நான் ஆறு வருஷமாக அந்த உருளை வகையில் வெபர் ஸ்மோக்கி மவுண்டன் 18 அங்குலம் வைத்திருக்கிறேன். அடியில் கரி வைக்கும் வளையம் நிறையப் பற்ற வைக்காத கரியைக் கொட்டி, நடுவில் லேசாகக் குழி பறித்து, நன்றாகக் கங்கான பதினைந்து கரித்துண்டை மட்டும் அதில் போட்டுவிட்டால் போதும். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பற்றிக்கொண்டு இறங்கும், ராத்திரி பூராவும் 225, 250 டிகிரியில் (ஃபாரன்ஹீட்) நிற்கும். இதற்குப் பெயர் மினியன் முறை. மேல் துவாரம் எப்போதும் முழுசாகத் திறந்திருக்கட்டும், கீழே உள்ள மூன்றை வைத்துத்தான் சூட்டைக் கட்டுப்படுத்த வேண்டும். முதல் தடவை பதறிப்போய் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பீர்கள். திறந்தால் காற்று உள்ளே போய்க் கரி இன்னும் வேகமாக எரியும், சூடு ஏறும், திரும்பவும் பதறுவீர்கள். பிரிஸ்கெட் (மாட்டின் நெஞ்சுக்கறி) போட்டால் உள்சூடு 160 டிகிரியில் போய் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும். கறியின் ஈரம் ஆவியாகிக் குளிர்விப்பதால் வருவது அது, பயப்படாதீர்கள்.

சோம்பேறி_சமையல்:
தணல் அண்ணன் ராத்திரி பூராவும் முழித்திருப்பார், எல்லோராலும் முடியுமா? என்னிடம் இருப்பது பெல்லட். மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகள், ஒரு ஆகர் திருகு அதை நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும், ஃபேன் ஊதும், மீதியை கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளும். புகைக்கிற சூட்டில் மணிக்கு ஒன்று, ஒன்றரை பவுண்டு பெல்லட் போகும், ஆக 20 பவுண்டு மூட்டை ஒரு பிரிஸ்கெட்டுக்குத் தாராளம். ஆனால் கரண்ட் வேண்டும், அதை மறக்காதீர்கள். இன்னொன்று, ஈரம் ஆகவே ஆகாது. ஒரு மழையில் பெல்லட் கொட்டி வைக்கும் ஹாப்பரின் மூடி சரியாக மூடாமல் இருந்து, உள்ளே இருந்ததெல்லாம் ஊறி உளுத்தம்மாவு மாதிரி உப்பி, காய்ந்ததும் ஆகரைச் சுற்றி சிமென்ட் மாதிரி பிடித்துக்கொண்டது. ஸ்க்ரூடிரைவரும் வேக்குவம் கிளீனருமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

பழைய_பிட்மாஸ்டர்:
இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒரு முறை வரும், தேடிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை போல. பெல்லட் கிரில் என்பது புகை வாசம் அடிக்கிற ஓவன். 1980களில் ஆரிகனில் பிறந்தது, டெக்சஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆஃப்செட் (பக்கவாட்டில் விறகுப் பெட்டி உள்ள ஸ்மோக்கர்) வாங்குங்கள், போஸ்ட் ஓக் மர விறகு வாங்குங்கள், நாற்பது நிமிஷத்துக்கு ஒரு கட்டை போடக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தரம் புகைக்கறிக்குப் பெயர்போன டெக்சஸ் ஊரான லாக்ஹார்ட் போய் ஒரு துண்டு தின்றுவிட்டு வந்து அப்புறம் பேசுங்கள். பெல்லட்டில், கறியின் ஓரத்தில் வரும் அந்தச் சிவப்பு வளையம்கூட ஒழுங்காக வராது.

சோம்பேறி_சமையல்:
அண்ணே, அவர் ரெண்டில் எது என்று கேட்டால் நீங்கள் மூணாவதைக் காட்டுகிறீர்கள். அப்புறம், வளையம் வரும். என்னுடையதில் கால் அங்குலம் வந்திருக்கிறது.

கமாடோ_கண்ணன்:
கமாடோ (முட்டை வடிவ பீங்கான் கிரில்) பாருங்கள். மண் அடுப்பு மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பழைய_பிட்மாஸ்டர்:
கால் அங்குலத்தை வைத்துக்கொண்டு பெருமை வேறு.

வேதியியல்_வாத்தி:
வளையத்துக்கும் ருசிக்கும் சம்பந்தமில்லை ஐயா. எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறியில் உள்ள மயோகுளோபின் என்ற நிறப் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன, அதனால் வெந்த பிறகும் சிவப்பு போகாமல் நிற்கிறது. பதப்படுத்தும் உப்பைத் தடவிச் சும்மா ஓவனில் வைத்தால்கூட அந்த நிறத்தைக் கொண்டுவரலாம், புகையே வேண்டாம்.

பழைய_பிட்மாஸ்டர்:
நீங்கள் சமைப்பீர்களா, இல்லை சமன்பாடு மட்டும்தானா?

வேதியியல்_வாத்தி:
சமைப்பேன். அளந்து சமைப்பேன்.

தணல்:
ரெண்டு பேரும் தனி இழை ஆரம்பித்துக்கொள்ளுங்களேன். பையனைக் காணோம்.

ஆர்விங்_அக்கா:
தம்பி, தனி வீடா, அபார்ட்மென்ட்டா? முதலில் அதைச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பிளேனோ_பையன்:
மன்னிக்கணும், மீட்டிங்கில் இருந்தேன். அபார்ட்மென்ட்தான் அக்கா, இரண்டாம் மாடி, பால்கனி நல்ல பெரிசு. அதிலென்ன? பன்னிரண்டு பேர். கோழியும் ஆட்டுத் தொடையும். வீட்டில் மாட்டிறைச்சி கிடையாது.

தணல்:
இதை ஆரம்பத்திலேயே சொல்லக்கூடாதா! பிரிஸ்கெட்டுக்காக அவ்வளவு டைப் அடித்தேன்.

ஆர்விங்_அக்கா:
நினைத்தேன். பால்கனியில் ரெண்டுமே கூடாது தம்பி. அபார்ட்மென்ட்டுகளில் மரப் பால்கனியிலோ, எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளோ கரி, நெருப்பு வைத்துச் சமைக்கக் கூடாது என்று தீ விதி இருக்கிறது. தனி வீட்டுக்கும் இரட்டை வீட்டுக்கும்தான் விலக்கு. கட்டடம் முழுக்க ஸ்பிரிங்க்ளர் (தீயணைக்கத் தண்ணீர் தெளிக்கும் குழாய்) இருந்தால் விதி தளரும், ஆனாலும் வாடகை ஒப்பந்தத்தில் தடுத்திருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். பெல்லட்டுக்கு வயர் இருப்பதால் அது எலக்ட்ரிக் அடுப்பு என்று நினைக்காதீர்கள், உள்ளே எரிவது மரம். எங்கள் பழைய குடியிருப்பில் ஒருவர் சும்மா கொண்டுவந்து வைத்ததற்கே அபராதச் சீட்டு வந்தது, பற்ற வைக்கக்கூட இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வைப்பதை நினைத்தே பார்க்காதீர்கள், கார்பன் மோனாக்சைடு ஆளையே முடித்துவிடும்.

நீச்சல் குளம் பக்கத்தில் பொது கிரில் இருக்கும், போய்ப் பாருங்கள். கரியை ஒரு பக்கமாகக் குவித்து, அதன் மேல் பெக்கான் மரத்துண்டு ஒன்றிரண்டு போட்டு, கோழியை மறுபக்கம் வைத்து மூடுங்கள். மூடி இல்லாத கிரில் என்றால் ஒரு அலுமினிய டிரேயைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள். கோழிக்கு 225 எல்லாம் வேண்டாம், தோல் ரப்பர் மாதிரி இழுக்கும், 325க்கு மேல் இருக்கட்டும். உள்ளே 165 வந்ததும் எடுங்கள்.

புகைமணி:
ஆட்டுத் தொடை?

ஆர்விங்_அக்கா:
கொழுப்பு கம்மி, நேரடியாகப் புகையில் விட்டால் காய்ந்து விறகாகிவிடும். ஒரு மணி நேரம் புகை காட்டிவிட்டு, வெங்காயமும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து ஃபாயிலில் இறுக்கிச் சுற்றி வீட்டு ஓவனில் 300ல் வையுங்கள். எலும்பைப் பிடித்து ஆட்டினால் கழன்று வர வேண்டும், அதுதான் கணக்கு.

பழைய_பிட்மாஸ்டர்:
ஆடு என்றால் பேசலாம். டெக்சஸ் ஊரான பிரேடியில் 1974லிருந்து ஆட்டுக்கறிக்கென்றே போட்டி நடக்கிறது. அக்கா சொன்ன பெக்கான் சரிதான். மெஸ்கீட் மரம் மட்டும் போட வேண்டாம், அதிகமானால் கசக்கும்.

வேதியியல்_வாத்தி:
ஆட்டிலும் வளையம் வரும், தெரியுமா?

பழைய_பிட்மாஸ்டர்:
ஆரம்பிச்சுட்டார்.

பிளேனோ_பையன்:
சனி முடிந்தது. ரெண்டுமே வாங்கவில்லை. ஒப்பந்தம் 14ஆம் பக்கத்தில் அக்கா சொன்னது அப்படியே இருந்தது. குளத்துப் பக்கம் கோழி சூப்பர், தொடை கொஞ்சம் உப்பு. படம் எடுக்க மறந்துட்டேன். நன்றி.

தணல்:
அந்தச் சலுகை விலை எவ்வளவு என்று கடைசி வரை சொல்லவே இல்லையே?