ராஜபாளையம் நாய்க்கு ஷோ ரிங்கில் கொடுக்க வீட்டிலேயே என்ன தீனி செய்யலாம்?

கேள்வி: வெள்ளைவால்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஒன்பது மாத ராஜபாளையம் ஆண் நாய் இருக்கிறான், பெயர் மருது. மே மாதம் ஊட்டி நாய் ஷோவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். நாயைப் பிடித்துக் காட்டுகிற ஹேண்ட்லரைக் காசு கொடுத்து வைக்காமல், ஜட்ஜ் பார்க்கிற ரிங்கில் நானே பிடிக்க வேண்டும் என்று ஆசை.

நடையில் குறை சொல்ல முடியாது. லீடை, அதாவது பிடிக்கிற கயிற்றை, தளர்த்திவிட்டால் கோடு போட்டதுபோல் நேராக ஓடுகிறான். நிற்கச் சொன்னால்தான் தகராறு. காலை எடுத்து வைத்து நிறுத்தினால் முதுகைக் கூனிக்கொண்டு தலையைத் தொங்கப்போட்டுவிடுகிறான். கடையில் வாங்கிய பிஸ்கட்டைக் காட்டினால் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அப்படியே வாங்கினாலும் நறநறவென்று கடித்து, சிந்திய தூளைக் கீழே பொறுக்கிக்கொண்டிருக்கிறான். அதற்குள் ஜட்ஜ் அடுத்த நாய்க்குப் போய்விடுவார்.

வீட்டிலேயே செய்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். ஓவன் கிடையாது. கேஸ் அடுப்பு, குக்கர், இட்லித் தட்டு, மிக்ஸி உண்டு. ஈரல் நல்லது என்கிறார்கள், ஆனால் மிக்ஸியில் ஈரல் வாடை வந்தால் அம்மா என்னையும் மருதுவையும் சேர்த்து வெளியே தள்ளிவிடுவார்.

பதில்: கன்னி_சிப்பிப்பாறை

தம்பி, முதலில் சந்தோஷம். நம் ஊர் நாயை வளர்த்தவரே ரிங்கில் பிடிப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஆசை. 2005-இல் அஞ்சல் துறை நாய்களுக்கு வெளியிட்ட நான்கு அஞ்சல் தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்குத்தான். அப்பேர்ப்பட்ட இனம் ரிங்கில் தலையைத் தொங்கப்போட்டு நின்றால் மனசு கேட்காது.

ஈரல்தான் சரி, கோழி ஈரல். ஆனால் எதற்காகக் கொடுக்கிறோம் என்பது தெளிவாக இருந்தால் எப்படிச் செய்வது என்பதும் தானாகத் தெரியும். ஜட்ஜ் முன்னால் வந்து நின்று முகத்தைப் பார்க்கும் அந்தச் சில விநாடிகளுக்குத்தான் இந்தத் தீனி. அந்த நேரத்தில் நாய் மென்றுகொண்டிருக்கக் கூடாது. மென்றால் தாடை ஆடும், காது ஆடும், கழுத்தின் வடிவமே தெரியாது. அதனால் வாயில் போட்டதும் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். தூள் உதிரக் கூடாது. ஒரு கை தூரத்திலிருந்தே வாசனை அடிக்க வேண்டும். உங்களுக்கு இன்னொன்றும் முக்கியம்: கறை படியக் கூடாது. வெள்ளை நாய் பாருங்கள்.

செய்முறை இது. கால் கிலோ கோழி ஈரல் வாங்கிக்கொள்ளுங்கள். கழுவும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். சிலதில் ஓரமாகப் பச்சைக் கறை இருக்கும். பித்தப்பை உடைந்து பட்ட இடம் அது. அதைத் தாராளமாக வெட்டி எறிந்துவிடுங்கள். ஒரு துண்டில் கசப்பு ஏறினால் போதும், நாய் துப்பிவிட்டு அன்றைக்கு முழுவதும் உங்கள் கையைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

சுத்தம் செய்த ஈரலோடு ஒரு முட்டையை உடைத்து ஊற்றி மிக்ஸியில் மையாக அரையுங்கள். அதில் கோதுமை மாவோ கேழ்வரகு மாவோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, இட்லி மாவைவிடச் சற்று கெட்டியாகக் கொண்டுவாருங்கள். முக்கால் டம்ளர் அளவுக்குப் பிடிக்கும். உப்பு வேண்டாம். மஞ்சள் தூளும் வேண்டாம், அம்மா பழக்கத்தில் ஒரு சிட்டிகை போட வருவார், தடுத்துவிடுங்கள். மஞ்சள் போட்டால் அவன் வாயோரமும் நெஞ்சும் உங்கள் விரலும் ஒரே நிறமாகிவிடும். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. நாய்க்கு அவை ரத்தத்தின் சிவப்பணுக்களையே உடைக்கும். வேக வைத்தாலும் பொடியாக்கினாலும் அந்த விஷம் போகாது.

இட்லித் தட்டில் எண்ணெய் தொட்டுத் தடவி, குழியில் பாதி மட்டும் ஊற்றி, குண்டு இல்லாமல் கால் மணி நேரம் ஆவியில் வேக விடுங்கள். குச்சியால் குத்திப் பார்த்தால் ஒட்டாமல் வர வேண்டும், நடுவில் சிவப்பு தெரியக் கூடாது. நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள், சூட்டோடு வெட்டினால் உதிரும். கொண்டைக்கடலை அளவு போதும். பெரிய நாய் என்று பெரிய துண்டாகப் போடாதீர்கள், பெரிய துண்டு என்றால் மெல்லத்தான் செய்யும். அப்புறம் தோசைக்கல்லைச் சிறு தீயில் வைத்து, எண்ணெய் இல்லாமல் புரட்டிப் புரட்டி ஈரம் வற்ற விடுங்கள். மேலே தோல் மாதிரி காய்ந்து உள்ளே மெத்தென்று இருந்தால் அதுதான் பதம். விரலால் அழுத்திப் பாருங்கள், எண்ணெயோ பிசுக்கோ ஒட்டக் கூடாது. மொறுமொறுவென்று ஆக விட்டால் மறுபடி உங்கள் பிஸ்கட் கதைதான்.

மிக்ஸி ஜாரைக் கழுவிவிட்டு எலுமிச்சைத் தோலும் தண்ணீரும் விட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள், வாடை போய்விடும். முடிந்தால் நாய்க்கென்று ஒரு பழைய ஜாரை ஒதுக்கச் சொல்லுங்கள்.

இனி கை. நிறைய பேர் செய்கிற தவறு, தீனியை நாயின் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பது. தூக்கினால் நாய் அண்ணாந்து பார்க்கும், எடை பின்னங்காலுக்குப் போகும், முதுகு சரிந்துவிடும். மருது கூனுகிறான் என்கிறீர்களே, அநேகமாக நீங்கள் கையை அவன் மூக்குக்கு மிக அருகில் கீழே பிடிக்கிறீர்கள். அவன் மூக்கின் மட்டத்துக்கு ஒரு விரற்கடை மேலே, ஓரடி முன்னால் பிடித்துப் பாருங்கள். கழுத்தை முன்னால் நீட்டி, எடையை முன்னங்காலில் வைத்து நிற்பான். வேட்டை நாய்க்கு அதுதான் அழகு. லீட் இடது கையில், தீனி வலது கையில். நின்ற உடனே வாயில் கொடுங்கள், பிறகு நிற்கிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். காலை எடுத்து வைப்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். தானாகவே நான்கு காலையும் சதுரமாக வைத்து நிற்கும்போது கொடுத்துப் பழக்கினால் போதும்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா? ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் உண்டு. தூங்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். கேட்காத குட்டி என்றால் வாயால் சத்தம் கொடுத்துப் பயனில்லை, கைச்சாடையும் வாசனையும்தான் மொழி.

பதில்: கோவை_லேப்ரடார்

அக்கா சொன்னதில் மாற்றமில்லை. எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது, அதனால் பன்னீர் செய்கிறேன். கடைப் பன்னீர் உதிரும். பாலை எலுமிச்சை விட்டுத் திரித்து, துணியில் கட்டி, அம்மிக் குழவியை மேலே வைத்து ஒரு ராத்திரி அழுத்தினால் கெட்டியாக நிற்கும். சிறு சதுரமாக வெட்டி வெறும் கல்லில் வாட்டி எடுக்கிறேன். என் பெண் அதற்கு உயிரை விடுகிறாள். ஆனால் லேப்ரடார் எதற்குத்தான் உயிரை விடாது, ராஜபாளையம் மதிக்குமா என்பது வேறு. பால் சேராத நாய்க்கு வயிறு இளகும், முதலில் ஒரு துண்டு கொடுத்து இரண்டு நாள் பாருங்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கை அவித்து வெயிலில் காய வைத்தது பயிற்சிக்கு நல்லது. ரிங்குக்குச் சரிவராது, சவ்வு மாதிரி மென்றுகொண்டே இருக்கும்.

பதில்: கால்நடை_மாணவி

ஈரல் நல்லதுதான், அளவு முக்கியம். வைட்டமின் ஏ அதில் மிக அதிகம், மாதக்கணக்கில் தினமும் நிறையக் கொடுத்தால் எலும்பையே பாதிக்கும். ஷோவுக்கு முந்தின நாள் ஆசையாக அள்ளிக் கொடுத்தால் ரிங்கில் பேதியோடு நிற்க வேண்டியதுதான். பயிற்சித் தீனி எல்லாம் சேர்ந்து அன்றைய சாப்பாட்டின் சத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், அந்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துவிடுங்கள்.

நெஞ்சு ஆழமான நாய் என்பதால் ஷோ நாளில் வயிறு முட்டப் போட்டுவிட்டு ஓட விடாதீர்கள். வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, சில மணி நேரம்தான் அவகாசம். வேர்க்கடலை வெண்ணெய் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். டப்பாவில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள், நாய்க்கு அது கொடிய விஷம். திராட்சையும் கிஸ்மிஸும் அப்படித்தான்.

வெள்ளைவால்

எல்லோருக்கும் நன்றி. காது நன்றாகக் கேட்கிறது அக்கா, குக்கர் மூடியைத் திறந்தாலே ஓடி வருகிறான். நேற்று செய்துவிட்டேன். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே நின்று பதம் பார்த்துச் சொன்னார். நீங்கள் சொன்ன உயரத்தில் கையை வைத்ததும் கழுத்தை நீட்டி நின்றான், நம்பவே முடியவில்லை!

இன்னும் இரண்டு சந்தேகம். இதை ஊட்டி வரைக்கும் கெடாமல் எப்படிக் கொண்டுபோவது? ரிங்கில் எப்போது கொடுக்கலாம், எப்போது கூடாது? நெத்திலிக் கருவாடும் எடுத்துப் போ என்கிறார் மாமா.

கன்னி_சிப்பிப்பாறை

அம்மாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

கருவாடு வேண்டாம். உப்பு அதிகம், தாகம் எடுத்துத் தண்ணீராகக் குடிப்பான். முள்ளும் உண்டு.

செய்ததை ஆறியதும் ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். வெறும் ஃப்ரிட்ஜில் என்றால் மூன்று நாளைக்கு மேல் வைக்காதீர்கள். கிளம்பும்போது ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துப் போங்கள். மே மாதத்தில் மேட்டுப்பாளையம் வரைக்கும் வெயில் கொளுத்தும், மேலே போனால் குளிரும், கீழேதான் கெட்டுப்போகும். ஷோ காலையில் ஒரு பொட்டலத்தை மட்டும் வெளியே எடுத்து, குளிர் விட்ட பிறகு கொடுங்கள். சில்லென்று இருந்தால் வாசனை வராது. தொட்டுப் பார்த்துப் பிசுபிசுத்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

முந்தின நாளே ஊட்டி போய்ச் சேருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்த நாய் அன்றைக்கு ஈரலைக் கண்டாலே முகத்தைத் திருப்பும்.

ரிங்கில் ஓடும்போது கொடுக்காதீர்கள், காட்டவும் செய்யாதீர்கள். காட்டினால் பக்கவாட்டில் உங்கள் கையைப் பார்த்துக்கொண்டே கோணலாக ஓடுவான், அவனுடைய நல்ல நடை வீணாகிவிடும். ஜட்ஜ் பல் பார்க்க வருவதற்கு முன்னால் வாயில் எதுவும் இருக்கக் கூடாது. உதட்டைத் தூக்கினால் பல்லிடுக்கில் ஈரல் தெரிவது அவருக்கும் சங்கடம், கடிவரிசையும் சரியாகத் தெரியாது. ஜட்ஜ் உடம்பைத் தொட்டுப் பார்க்கும்போது தலையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், வலது கையை அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மூடி வைத்திருங்கள். ஓடி முடித்துத் திரும்பி வந்து ஜட்ஜ் முன்னால் நிற்பீர்கள் அல்லவா, அங்கேதான் கையைத் திறக்க வேண்டும். முதலில் காட்டுங்கள், காதை உயர்த்தி முகம் விரிந்ததும் ஜட்ஜ் பார்க்கட்டும். அவர் நகர்ந்த பிறகு வாயில் கொடுங்கள். சிலர் ரிங் முழுக்க ஊட்டிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாய் கையையே வெறித்துக்கொண்டிருந்தால் அதன் குணம் எங்கே தெரியும்?

துண்டு கீழே விழுந்தால் உடனே எடுத்துவிடுங்கள். ஷோ நடக்கிற ஆர்ட்ஸ் காலேஜ் மைதானத்தில் புல், உள்ளே விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அடுத்து வருகிற நாய்க்கு மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். அது பாட்டுக்குத் தரையை மோந்துகொண்டே ஓடினால் அதன் வாய்ப்பு கெடும். வரிசையில் நிற்கும்போது பக்கத்து நாயின் பக்கமாகக் கையை நீட்டவும் கூடாது. அவர்களும் நம்மைப் போல் மாதக்கணக்கில் பாடுபட்டு வந்தவர்கள்தான்.

சட்டைப் பையில் வெறுமனே போடாதீர்கள். இடுப்பில் கட்டுகிற சின்னத் துணிப் பை தைத்துக்கொள்ளுங்கள், வலது பக்கமாக, கையைப் பார்க்காமலே விட்டு எடுக்கிற மாதிரி வாய் அகலமாக. உள்ளே பிளாஸ்டிக் உறை வேண்டாம், சரசரவென்று சத்தம் வந்தால் வரிசையில் இருக்கிற நாய் எல்லாம் திரும்பிப் பார்க்கும். அந்தப் பையைக் கட்டிக்கொண்டே இன்றிலிருந்து பழக்குங்கள்.