மூன்று வாரங்களாகத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் மகன்

கேள்வி (மதுரைத் தாய்):
என் மகனுக்கு ஆறு வயது. ஆட்டிசம் உள்ளவன், இன்னும் பேச்சு வரவில்லை. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது எங்களுக்குப் பழகிய ஒன்றுதான். ஆனால் மூன்று வாரங்களாக, வீடு அமைதியாக இருக்கும்போதும், குறிப்பாகச் சாப்பிட உட்கார்ந்ததும், தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். இது வெறும் பிடிவாதம், கண்டுகொள்ளாதீர்கள் என்கிறார்கள் பயிற்சி மையத்தில். உறவினர் ஒருவரோ ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சைக்கு வற்புறுத்துகிறார். எதைச் செய்வது?

மறுமொழி 1 (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்):
அம்மா, பேசாத குழந்தையின் நடத்தை திடீரென மாறினால், முதலில் எங்காவது வலி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சொத்தைப் பல்லையோ, காதுவலியையோ, நாள்பட்ட மலச்சிக்கலையோ அவன் வேறு எப்படிச் சொல்வான்? சாப்பிடும் நேரத்தில் மோதுகிறான் என்பதால் பல் மருத்துவரையும் குழந்தை மருத்துவரையும் இந்த வாரமே பாருங்கள். ஒவ்வொரு முறையும் மோதுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, என்ன சாப்பிட்டான், எந்தப் பக்கம் மென்றான், கடைசியாக எப்போது மலம் கழித்தான் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மருத்துவருக்கு அது பெரிதும் உதவும். மோதும்போது அதட்டாமல், தலைக்கும் சுவருக்கும் நடுவே தலையணையை வையுங்கள். வாந்தி, அளவுக்கு மீறிய தூக்கம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மறுமொழி 2 (ஒரு தந்தை):
என் மகள் மணிக்கட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டிருந்தாள். கீழ்க் கடைவாய்ப் பல்லில் மிளகு அளவு ஓட்டை இருந்ததைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அவளைத் திட்டியதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. ஸ்டெம் செல்லுக்குப் பணம் கட்டாதீர்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையமே 2022இல் தெரிவித்துவிட்டது. ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் கடும் சிடுசிடுப்பைக் குறைக்குமே தவிர ஆட்டிசத்தை மாற்றுவதில்லை. உடல் எடையையும் கூட்டலாம். வலி இல்லை என்று உறுதியான பிறகே அந்த மருந்துகளைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தெரபிச் செலவுக்கும் அதில் இடமுண்டு.

மதுரைத் தாய்:
நோட்டைத் தொடங்கிவிட்டேன், இரண்டு நாளாக இடப்பக்கம் மெல்லவே இல்லை. ஆனால் பல் மருத்துவரின் நாற்காலியில் அவன் உட்காரவே மாட்டானே?

மறுமொழி 1:
கூட்டம் இல்லாத முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த அறையின் படத்தை முன்கூட்டியே காட்டுங்கள். சத்தத்தைக் குறைக்கும் இயர்மஃபைக் காதில் மாட்டி, உங்கள் மடியிலேயே உட்காரவைத்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் நாள் வாயைத் திறந்து காட்டினாலே போதும்.